காதைப் பார்க்காத கருவி: ஓர் எதிர்வினை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பொந்தியானில் நம்மவர்களிடையே ஒரு கட்டுரை கைக்குக் கை மாறி வருகிறது. கோயில் மண்டபத்திலும் சாப்பாட்டுக் கடை மேசையிலும் நகலெடுத்த தாளை வைத்துக்கொண்டு பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். காது மந்தமானவர்கள் மருத்துவமனைக்கும் கேட்பு நிபுணரான ஆடியோலஜிஸ்டிடமும் அலைய வேண்டியதில்லை, கைப்பேசியைத் தட்டினால் எண்பது, நூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, காது மிஷின் வீட்டு வாசலுக்கே வந்துவிடும், வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். எழுதியவர் படித்தவர், ஊரில் நாலு பேர் மதிப்பவர். அவர் சொன்னால் கேட்பார்கள். அதனால்தான் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் வாதம் தவறு, ஆபத்தானது, முதியவர்களின் கடைசி ஆண்டுகளைப் பாழாக்கக்கூடியது.

அவர் அடுக்கும் காரணங்கள் ஐந்து. அமெரிக்காவே காது கருவியைக் கடையில் விற்க அனுமதித்துவிட்டது. நிபுணர் இல்லாமலே பலன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டன. வாசிப்புக் கண்ணாடியைக் கடையில் எடுத்து மாட்டிக்கொள்கிறோம், காது மட்டும் என்ன உயர்த்தி? நிபுணர் என்பவர் விலையை ஏற்றிவிடும் இடைத்தரகர். கடைசியாக, ஜொகூர் பாருவுக்குப் போய்வருவது சிரமம், எண்பது வெள்ளிதானே, சரிப்படாவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். இந்த ஐந்தில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் அமெரிக்கா. அங்கே 2017-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஐந்து ஆண்டுகள் கழித்து உணவு, மருந்து நிர்வாகம் விதிகளை வகுத்து, 2022 அக்டோபர் 17 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் காது கருவி விற்கலாம் என்றது. இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. அந்த விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் வாசகருக்குச் சொல்லவே இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அந்தக் கருவி கூடாது. லேசான, நடுத்தரமான கேட்புக் குறைவுக்கு மட்டுமே அது. கருவி எழுப்பும் உச்ச ஒலிக்கு 111 டெசிபல், ஒலியைத் தானே கட்டுப்படுத்தும் வகையாக இருந்தால் 117 டெசிபல் என்று வரம்பு உண்டு. காதுக்குள் போகும் முனை செவிப்பறைக்குப் பத்து மில்லிமீட்டரைவிட நெருங்கக் கூடாது. திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை என்ன என்பதைப் பெட்டியிலேயே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அறிகுறி இருந்தால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அச்சிட வேண்டும். காதில் சீழ், நீர், ரத்தம் வடிந்திருந்தால், காது வலித்தால், குறும்பி அதிகம் சேரும் பழக்கமிருந்தால், தலைசுற்றல் இருந்தால், கேட்கும் திறன் திடீரென்றோ வேகமாகவோ குறைந்திருந்தால், ஒரு காது மட்டும் மந்தமாகியோ ஒரு காதில் மட்டும் இரைச்சலோ இருந்தால், கருவியை வாங்காமல் மருத்துவரைப் பார் என்கிறது அமெரிக்கச் சட்டம். கட்டுரையாளர் பரிந்துரைக்கும் எண்பது வெள்ளிப் பெட்டியில் இதில் ஒரு வரியாவது இருக்கிறதா? அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். தோல் நிறத்தில் மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு துண்டு, சிறியது பெரியது என்று ரப்பர் முனைகள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு சக்கரம், சார்ஜர். உச்ச ஒலி எவ்வளவு என்று எங்கும் இல்லை. எச்சரிக்கை இல்லை. தயாரித்தவரின் முகவரி இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் பெயரைச் சொல்லி, அந்தச் சட்டமே காது கருவி என்று விற்க விடாத பொருளை வாங்கச் சொல்வது வாசகரை ஏமாற்றுவது.

அமெரிக்காவில் இவ்வகைப் பொருளுக்குத் தனிப் பெயரும் தனிப் பிரிவும் உண்டு. நன்றாகக் காது கேட்பவர்கள் பறவைச் சத்தம் கேட்கவும் தூரத்துப் பேச்சைக் கேட்கவும் வைத்துக்கொள்ளும் ஒலிபெருக்கி என்றுதான் அதை வகைப்படுத்துகிறார்கள். கேட்புக் குறைவுக்கான கருவியாக அதை ஏற்பதில்லை. 2024 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ 2-ஐக் காது கருவியாகப் பயன்படுத்த அதே நிர்வாகம் அனுமதி தந்தது. அதுகூடக் கைப்பேசி வழியாக முதலில் கேட்புச் சோதனை செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. ஓர் இயர்பட்ஸ் செய்யும் சோதனையைக்கூடத் தேவையில்லை என்கிறார் நம் கட்டுரையாளர்.

நம் நாட்டுச் சட்டத்தை அவர் தொடவே இல்லை. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம், அதாவது சட்டம் 737, இருக்கிறது. காது கருவி அந்தச் சட்டப்படி மருத்துவச் சாதனம். சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவச் சாதன ஆணையத்திடம் பதிவு செய்த பிறகே அதைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். பதிவு எண் உண்டா என்று யாரும் கேட்கலாம், ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பதிவில்லாத பொருளை ஊர்ப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும்போது, அதைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதியிருக்க வேண்டாமா?

அடுத்தது ஆய்வு. ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறார். எந்த ஆய்வு, யாரை வைத்து, எந்தக் கருவியை வைத்து என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே பொருத்திக்கொண்டவர்களும் ஆடியோலஜிஸ்ட் பொருத்தியவர்களும் ஆறு வாரம் கழித்து ஏறக்குறைய ஒரே அளவு பலன் பெற்றார்கள். உண்மைதான். ஆனால் பங்கேற்றவர்கள் அறுபது சொச்சம் பேர், அனைவரும் லேசான அல்லது நடுத்தரக் குறைவு உள்ளவர்கள். அவர்களிடம் கொடுத்தது கேட்புச் சோதனையைத் தானே நடத்தி ஒவ்வொரு சுருதிக்கும் ஒலியைத் திருத்தும் கருவி. ஒரு சக்கரத்தைத் திருகும் எண்பது வெள்ளிச் சாமானுக்கு அந்த ஆய்வு எப்படிச் சாட்சியாகும்?

இந்தியானா பல்கலைக்கழகத்தில் லேரி ஹியூம்ஸ் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடத் தெளிவானது. தரமான டிஜிட்டல் கருவியை ஒரு பிரிவினருக்கு நிபுணர் முறைப்படி பொருத்திக் கொடுத்தார். இன்னொரு பிரிவினர் அதே கருவியைத் தாங்களே தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டார்கள். இரு பிரிவுக்கும் பலன் இருந்தது. சோதனைக் காலம் முடிந்து, கருவியை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது நிபுணரிடம் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். தாங்களே எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினர்தான் ஆம் என்றார்கள். கருவி ஒன்றே. நடுவில் இருந்த மனிதரால்தான் அந்த இடைவெளி வந்தது. அந்த ஆய்வில் கலந்துகொண்ட ஒவ்வொருவருடைய காதையும் முன்கூட்டியே சோதித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதிக்காத காதில் கருவியை மாட்டலாம் என்று இந்த இரண்டில் எதுவும் சொல்லவில்லை.

2023-இல் லான்செட் இதழில் வந்த அச்சீவ் ஆய்வையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது. ஒட்டுமொத்தக் குழுவில் நினைவாற்றல் சரிவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே அந்தச் சரிவுக்கான அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம், கேட்புச் சிகிச்சை அந்தச் சரிவை 48 விழுக்காடு மெதுவாக்கியது. அந்தச் சிகிச்சை என்பது ஆடியோலஜிஸ்டுடன் பல அமர்வுகள் உட்கார்ந்து, கருவியைப் பொருத்தி, பயன்படுத்தக் கற்றுக்கொண்டு, மறுபடி வந்து திருத்திக்கொண்டது. தபாலில் வந்த பொட்டலத்துக்கு அந்தப் பலன் கிடைக்கும் என்று யாரும் காட்டவில்லை.

மூன்றாவது, கண்ணாடி ஒப்பீடு. கேட்பவர் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்ளும் வாதம் இதுதான், அடிப்படையிலேயே பிழையானதும் இதுதான். வயதானால் வெள்ளெழுத்து வருவது கண்ணின் வில்லை விறைப்பதால். அதன் முன்னால் இன்னொரு வில்லையை வைத்தால் எழுத்து தெளிந்துவிடும். வயதாலும் இரைச்சலாலும் வரும் செவிட்டுத்தன்மை வேறு வகை. உட்காதில் சுருண்டிருக்கும் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் மடிந்துபோகின்றன. போனவை திரும்ப முளைப்பதில்லை. அவை எல்லாச் சுருதியிலும் சமமாக மடிவதும் இல்லை. உயர்ந்த சுருதிகள்தான் முதலில் போகின்றன.

அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்: “கேக்குதுடா, ஆனா என்னா சொல்றேன்னுதான் தெரியல.” உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் பலமாக வரும், அது கேட்கும். ச, ட, க, த, ப போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த சுருதியில் மெலிதாக வரும், அது விழாது. சட்டை, கட்டை, பட்டை, தட்டை எல்லாம் அந்தக் காதுக்கு ஒன்றுபோல விழுகிறது. இப்படிப்பட்ட காதில் எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஓசை, மின்விசிறியின் ஊளை, லாரிச் சத்தம், தட்டு உருளும் ஓசை எல்லாம் பெருகி, விழ வேண்டிய அந்த மெய்யெழுத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெதுவாகப் பேசினால் காதில் விழவில்லை என்பார்கள், சற்றுக் குரலை உயர்த்தினால் ஏன் கத்துகிறாய் என்று கோபிப்பார்கள். இதைப் பிடிவாதம் என்று பல வீடுகளில் நினைக்கிறோம். அது பிடிவாதம் இல்லை. நுண்மயிர் அணுக்கள் குறைந்த காதில் மெல்லிய ஒலி தொலைந்துபோகும், உரத்த ஒலி மட்டும் பழைய உரப்பிலேயே வந்து அறையும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவே இருக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. சரியான கருவி மெல்லியதை நிறையக் கூட்டும், உரத்ததைக் கொஞ்சமே கூட்டும், ஓர் உச்சத்தில் நிறுத்திவிடும். எவ்வளவு கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு காதுக்கும் வேறு. அளக்காமல் அதை அறிய வழியே இல்லை. அளவு தெரியாத ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு தைப்பூசத்தில் உறுமி மேளத்தின் பக்கத்தில் ஒரு முதியவர் நின்றால், மிச்சமிருக்கும் கேட்புக்கும் கேடு வரலாம்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். மகன் நல்லெண்ணத்தோடுதான் இந்தப் பெட்டியை வரவழைத்துக் கொடுத்தான். மாட்டிய நாளிலிருந்து கீச்சென்று விசில் சத்தம். கையைக் காதருகே கொண்டுபோனால் விசில், பேரப்பிள்ளை வந்து அணைத்தால் விசில். முனை நழுவாமல் இருக்க மெல்லிய தாளைச் சுருட்டி உள்ளே திணித்துப் பார்த்தார். கடைசியில் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். இரண்டு காதிலும் குறும்பி அடைத்துக் கறுத்து இறுகியிருந்தது. ஹேர்பின்னால் குடைந்து குடைந்து அவரே உள்ளே தள்ளியிருந்தார், அதன்மேல் ரப்பர் முனையும் சேர்ந்து இன்னும் தள்ளியிருந்தது. சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, பிறகு சுத்தம் செய்தார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மா காலணி தரையில் உரசும் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார். மிச்சமிருந்த குறைவுக்குப் பின்னர் முறைப்படி சோதித்துக் கருவி வாங்கினார்கள். விளக்கு வைத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் கட்டுரையாளர் வீண் செலவு என்று தள்ளிவிடுவது.

குறும்பி அடைப்பாவது உயிரை வாங்காது. காது மந்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. செவிப்பறையில் ஓட்டையும் சீழும் இருக்கலாம். நடுக்காதில் எலும்பை அரிக்கும் வளர்ச்சி இருக்கலாம். காது நரம்பில் கட்டி இருக்கலாம், அது பெரும்பாலும் ஒரு பக்கக் காதில்தான் தெரியவரும். நம் நாட்டுக்கே உரிய ஓர் அபாயமும் இருக்கிறது. மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுநோய் மலேசியாவில், குறிப்பாகச் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும், உலகின் பல பகுதிகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒரு பக்கக் காது அடைத்துக்கொள்வது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. பொந்தியானில் நம் அண்டை வீடுகளில் பல சீனர் வீடுகள். கட்டுரையாளரின் அறிவுரை அங்கேயும் போய்ச் சேர்ந்தால், அந்த அறிகுறியின்மேல் ஓர் ஒலிபெருக்கியை மாட்டி மாதக்கணக்கில் மறைத்துவிடுவார்கள்.

ஒரே நாளில், ஓர் இரவில் காது கேட்காமல் போவதும் உண்டு. அதற்கு ஸ்டீராய்டு மருந்து தருகிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்பு திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு. அப்படிப்பட்டவர் இந்தக் கட்டுரையை நம்பிக் கைப்பேசியைத் தட்டிவிட்டுப் பொட்டலத்துக்காகக் காத்திருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய காதை இழப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்.

நான்காவது, இடைத்தரகர் வாதம். காது கருவியின் விலை அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகிறது. தேவையில்லாத விலையுயர்ந்த ரகத்தைத் தலையில் கட்டும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் விற்பனையாளரையும் ஆடியோலஜிஸ்டையும் ஒரே கூடையில் போடுவது அநியாயம். ஆடியோலஜி நம் நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பு, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. 2016-ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், சட்டம் 774, ஆடியோலஜிஸ்டைப் பதிவு பெற்றுத் தொழில் செய்ய வேண்டியவர்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

அவர் செய்யும் வேலை இது. ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுருதியிலும் காதில் விழும் மிக மெல்லிய ஒலி எது என்று பொத்தானை அழுத்தவைத்துக் கண்டுபிடிக்கிறார். காதின் பின்புற எலும்பில் அதிர்வு வைத்து, குறை வெளியிலா உள் நரம்பிலா என்று பிரிக்கிறார். நடுக்காதின் அழுத்தத்தை அளக்கிறார். கருவியை மாட்டிய பிறகு முடியளவு மெல்லிய குழாயைச் செவிப்பறை அருகே வைத்து, உண்மையில் எவ்வளவு ஒலி உள்ளே போகிறது என்று திரையில் பார்த்துத் திருத்துகிறார். சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார், ஏனென்றால் பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழகக் காலம் பிடிக்கும். கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த வேலைக்குத்தான். இதைச் செய்யாமல் பெட்டியைத் திறந்து கையில் கொடுக்கும் கடையைக் கண்டால், அங்கே வாங்காதீர்கள். மோசமான கடையைத் தவிர்க்க வழி நல்ல நிபுணரைத் தேடுவது, நிபுணரையே ஒழித்துக்கட்டுவது வழியாகாது.

மலிவு பற்றிப் பேசும் கட்டுரையாளர், நமக்கு உரிமையான பணத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். ஜொகூரில் நம்மவர்களின் காது எங்கே போனது? செம்பனை ஆலையில், மரத் தொழிற்சாலையில், கொதிகலன் அறையில், படகு எந்திரத்தின் பக்கத்தில், தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றதில் போனது. வேலையிட இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி தொழில்நோய். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி அதற்கு இழப்பீடு கோரலாம், மறுவாழ்வு உதவியாகக் காது கருவியும் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள், நாளொன்றுக்கு 85 டெசிபல் வரம்பைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கேட்புச் சோதனை நடத்த வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒரு தாள்: கேட்புச் சோதனையின் பதிவான ஆடியோகிராம். இரைச்சலால் கெட்ட காது அந்தத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் தொழிலாளியின் சாட்சி. எண்பது வெள்ளிப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டவரிடம் அந்தத் தாள் இருக்காது. சொக்சோ கொடுக்க வேண்டியதைத் தொழிலாளி தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்துவிட்டு, கோரிக்கையையும் கைவிட்டுப் போவார். மலிவான யோசனை என்று நம்பியதால் தொழிலாளிக்கு நேரும் நட்டம் இது.

மற்ற உதவிகளும் இப்படியே. மாற்றுத்திறனாளியாகப் பதிந்துகொண்டவர் சமூக நலத்துறையிடம் துணைக் கருவி உதவிக்கு மனுச் செய்யலாம். அரசாங்க ஊழியரும் ஓய்வூதியம் பெறுபவரும் மருத்துவரின் சான்றோடு அரசாங்கத்திடம் கேட்கலாம். மாற்றுத்திறனாளியான பெற்றோருக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் பிள்ளை, ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்குக் கோரலாம். எல்லாக் கதவும் மருத்துவரின் கையெழுத்துக்குத்தான் திறக்கும்.

ஐந்தாவது, தூரம். பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பெனுட்டிலிருந்தும் ஆயர் பாலோயிலிருந்தும் இன்னும் தள்ளி. முதியவரை அழைத்துப் போவது சிரமம், நிபுணர் பிரிவில் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் படிக்கு யாரும் ஜொகூர் பாரு போக வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் மருத்துவர் காதைப் பார்ப்பார். குறும்பியோ சீழோ என்றால் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். நிபுணர் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட். இன்றைய நல்ல கருவிகள் பலவற்றை முதல் பொருத்தலுக்குப் பிறகு நிபுணர் தொலைவிலிருந்தே கைப்பேசி வழியாகத் திருத்தவும் முடிகிறது. இணையத்தை அப்படிப் பயன்படுத்துவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

தூரம் உண்மையான குறைதான். அதைப் போக்க மாவட்டத்துக்கு நடமாடும் கேட்புச் சோதனை கேட்க வேண்டும், சட்டமன்ற உறுப்பினரிடமும் சுகாதாரத் துறையிடமும் மனுக் கொடுக்க வேண்டும், கோயிலும் சங்கமும் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஒருவர் தன் மதிப்பை அதற்குச் செலவழித்திருக்கலாம். ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டவில்லையென்றால் சிகிச்சையை அருகே கொண்டுவரப் போராட வேண்டும். அவர்களுக்கு இதுவே போதும் என்று தரக்குறைவான பொருளைக் காட்டுவது அவர்களை அவமதிப்பது.

சரிப்படாவிட்டால் தூக்கிப் போடலாம் என்பது கட்டுரையின் மிகக் கொடிய வரி. முதியவர் தூக்கிப் போடுவது அந்தப் பெட்டியை மட்டும் இல்லை. “மிஷின் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, சரிப்படாது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். பிறகு நல்ல கருவியைப் பற்றி யார் சொன்னாலும் நம்ப மாட்டார். கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்காருவார், பேரப்பிள்ளைகள் பேச வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார், கொஞ்ச நாளில் வெளியே வருவதையே விட்டுவிடுவார். உலகில் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்குக் கேட்பு மறுவாழ்வு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. அவர்களில் நம் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறைதான் நம்பிக்கையோடு முயல்வார்கள். அந்த ஒரு முயற்சியை எண்பது வெள்ளிச் சாமானில் வீணாக்கக் கூடாது.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். நகலெடுத்துக் கொடுத்த அதே கைகளுக்கு ஒரு திருத்தத்தையும் கொடுங்கள். உங்கள் சொல்லைக் கேட்டவர்கள் அதையும் கேட்பார்கள்.

வாசகர்களுக்கு: வீட்டில் யாருக்காவது காது மந்தமென்றால் இந்த வாரமே அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஆடியோகிராம் எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆலையிலோ தோட்டத்திலோ உழைத்தவரானால் சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். கருவி வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஆடியோலஜிஸ்ட் பதிவு பெற்றவரா, கருவிக்குப் பதிவு எண் உண்டா, மாட்டிய பிறகு காதுக்குள் அளந்து பார்ப்பீர்களா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வராத இடத்தில், கடையானாலும் கைப்பேசியானாலும், ஒரு காசும் கொடுக்காதீர்கள்.